துளைக்குள் நீலம்

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். குற்றம் சொல்லவில்லை. கடிதத்தை அப்படிச் சட்டென்று வைக்க முடியாது. கிழிக்கலாம்; ஆனால் கிழிக்கிறவர்களும் முதல் நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள். அந்த நாலு வரியில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதோ, அதுவும் தீர்ந்துவிட்டது.

நலம்தான். மரக்கிடங்கில் என்னை இப்போது வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். லாரி வந்தால் நம்பர் எழுதுவேன், போனால் எழுதுவேன். பதினெட்டு வருஷம் மரம் அறுத்தவனுக்கு நாற்காலி கிடைத்ததே பெரிய விஷயம் என்று சிரிக்கிறார்கள். இடது கையில் மூன்று விரல் இன்னும் மடங்குவதில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து டீ கிளாஸைப் பிடித்துக்கொள்கின்றன. குளிர் நாளில் அதுவும் சந்தேகம். அண்ணி நன்றாக இருக்கிறாள். உன்னைக் கேட்டாள்.

உன் ரிப்பேர் கடை இருந்த இடத்தைப் புதிதாக ஒருவர் எடுத்திருக்கிறார். செருப்பு விற்கப் போகிறாராம். நீ விட்டுப்போன இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அரம், ஸ்பேனர், திருகு டப்பாக்கள், பாட்டில்கள் எல்லாம் நீ அடுக்கின மாதிரியே இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். அனுப்பவா, இங்கேயே இருக்கட்டுமா, எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். லாரி வந்து நிற்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

அண்ணன்


ஜனவரி 21

அண்ணனுக்கு,

பெட்டிகள் வேண்டாம். யாராவது கேட்டால் கொடுத்துவிடு. அந்தத் தொழிலுக்கு நான் திரும்பப் போவதில்லை.

இங்கே தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலையில் இருக்கிறேன். ஒரு ஷிப்டில் என் மேஜைக்கு இருநூறு பம்பு வரும். ஒவ்வொன்றிலும் நாலு திருகு. திருகைத் துடைத்து, நடுக்கத்தில் கழலாமல் பிடிக்கிற நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, முறுக்க வேண்டும். நான் மட்டும் இன்னொன்றும் செய்கிறேன். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைக்கிறேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. 'மஞ்சள் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புள்ளி வைக்காவிட்டால் அடுத்த பம்பு வரும்போது, போன பம்புக்குப் பசை விட்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இது எப்போதிலிருந்து என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதிவிட்டதால் ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷமாகக் கேட்க வாய் வரவில்லை.

நீ மரம் அறுக்கிற சங்கிலி வாள் மிஷினை நான் பார்த்தது ஒரு வியாழக்கிழமை. அன்று மேஜையில் ஐந்து மிஷின் கிடந்தன. உன்னுடையதில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன், சங்கிலிக்குச் சாணை வைத்தேன், கைத்தடுப்பைக் கழற்றித் துடைத்தேன். திருகைத் தின்னரில் கழுவியதுகூட நினைவிருக்கிறது. பெட்ரோலில் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு நின்று பசை பிடிக்காது என்பதால் நான் எப்போதும் தின்னரில்தான் கழுவுவேன். பாட்டிலைக் குலுக்கியதும் நினைவிருக்கிறது. ஆனால் குலுக்கியது உன் திருகுக்கா, அதற்கு முன்னால் பார்த்த தோட்டக்காரர் மிஷினுக்கா என்று தெரியவில்லை. தினம் செய்கிற வேலையைக் கை செய்துவிடுகிறது, மனம் எழுதி வைப்பதில்லை.

மரத்தில் வாள் துள்ளினால் கைத்தடுப்பு உன் மணிக்கட்டில் இடித்து, சங்கிலியை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அதைப் பிடித்திருக்கிற திருகு நடுக்கத்தில் கழன்று விழுந்ததால்தான் தடுப்பு செத்துப்போய்த் தொங்கியது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அந்தத் திருகுக்கு நான் பசை விட்டேனா, இல்லையா.

மிஷின் இன்னும் உன்னிடம் இருந்தால் அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார். பசை விட்டிருந்தால் மரைக்குள் காய்ந்த நீலம் நிற்கும். இல்லாவிட்டால் வெறும் உலோகம். எது இருந்தாலும் அப்படியே எழுது. எனக்காக நல்ல மாதிரி மாற்றி எழுத வேண்டாம்.

தங்கை


ஜனவரி 30

தங்கச்சிக்கு,

மிஷின் போய்விட்டது. பழைய இரும்புக்காரன் வந்தபோது அண்ணி மற்ற சாமான்களோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். போன வருஷம் என்று நினைக்கிறேன். நீ முன்னாலேயே கேட்டிருந்தால் வைத்திருப்பேன்.

போனதைத் தோண்டிப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எனக்கு உன் மேல் கோபம் இல்லை. அதை எப்போதோ விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு. டாக்டரே சொன்னாரே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் கழுத்து. இப்போது விரலோடு நின்றது.

இங்கே மழை. கிடங்கில் ஈரக்கட்டையெல்லாம் புளித்த வாடை அடிக்கிறது. வாசல் கூரையில் ஓட்டை இருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு நம்பர் எழுதுகிறேன், எழுதின நம்பரில் பாதி எனக்கே புரியவில்லை. பெட்டிகளை யாருக்கும் கொடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 12

அண்ணனுக்கு,

கோபம் இல்லை என்று எழுதியதற்கு நன்றி. அந்த வரியை நாலு தடவை படித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் உன் மடியில் தலை வைத்து அழுதிருப்பேன். இப்போது அழுகை வரவில்லை. மிஷின் போய்விட்டது என்ற வரிதான் கண்ணில் நிற்கிறது. இனி எனக்குத் தெரியப்போவதே இல்லை.

அம்மாவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தாவில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன தப்பு செய்தேன் என்று எனக்கே தெரியாமல் கேட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் அண்ணன்கிட்ட கேளு, எங்கிட்ட எதுக்குக் கேக்குற" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது எண்ணி ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போவார்கள், போகும்போது ஒரு வணக்கம் வேறு. தோட்டக்காரர் மட்டும் கடைசி வரை வந்தார். பிறகு அவரும் வரவில்லை.

அம்மா போன அன்று நான் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். திறந்து காட்டச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் எங்கள் மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். சோதனை மேஜைக்கு ஆள் வேண்டும், நீ வா என்றார். மற்றவர்கள் செய்த பம்பைப் பார்த்து, சரி என்றால் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை, எனக்கென்று ஒரு மேஜை இருக்கும், என் முதுகுவலிக்கும் நல்லது. முடியாது என்று சொல்லிவிட்டேன். "ஏம்மா, உன்ன மாதிரி பாத்துப் பாத்துச் செய்ற ஆள் இங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியாது, இன்னொருத்தர் கைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? இதை அவரிடம் சொல்லவில்லை. கண் சரியில்லை என்று பொய் சொன்னேன். மாதக் கடைசி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். யோசிக்க ஒன்றும் இல்லை.

இனி எழுத வேண்டாம். உன் மேல் வருத்தம் இல்லை. கடிதம் வந்தால் இரண்டு நாள் வேலை ஓடவில்லை, அதனால்தான்.

தங்கை


மார்ச் 2

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படி. இதற்கு மேல் உன் இஷ்டம்.

மிஷின் போகவில்லை. பரண் மேல் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அண்ணி கொடுத்துவிட்டாள் என்றது பொய். உன் கடிதம் வந்ததும் ஏணி போட்டு ஏறி, இறக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. துளைக்குள் நீலம் இருக்கிறது என்று எனக்கு முன்னாலேயே தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும்.

அடிபட்ட அன்று காலையில் சாலை மேல் விழுந்த பெரிய மரத்தை அறுக்கப் போனோம். மத்தியானத்துக்குள் வழி விட வேண்டும் என்று கிடங்கு முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஈரத்தூள் கைத்தடுப்புக்கு அடியில் போய் அடைத்துக்கொண்டு, பிரேக் சும்மா சும்மா விழுந்தது. சங்கிலி ஓடாமல் நிற்கும், விடுவிப்பேன், மறுபடி நிற்கும். உன்னிடம் கொண்டுவந்திருந்தால் கால் மணி நேரத்து வேலை. போய் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று நானே மரத்தடியில் உட்கார்ந்து திருகைக் கழற்றினேன்.

அது வரவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினேன். 'இவ பசை போட்டா பாறைதான்' என்று உன்னைத் திட்டிக்கொண்டே முறுக்கினேன். கடைசியில் டக்கென்று விட்டது. மரையெல்லாம் நீலத்தூள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். நீ பசை விட்டிருந்தாய். நன்றாகவே விட்டிருந்தாய்.

திருகில் இருந்த தூளை மட்டும் சுரண்டி எடுத்தேன், துளைக்குள் இருந்தது அப்படியே நின்றது. எண்ணெய்க் கையாலேயே திருகை மறுபடி போட்டேன். பசை இல்லை, துடைக்கவில்லை. சாயங்காலம் உன்னிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கிடங்கு ஆட்கள் சுற்றி நிற்க, அம்மா முதலில் கேட்டது, "மிஷின யாரு பாத்தது?" நான், "தங்கச்சிதான் போன வாரம் பாத்தா" என்றேன். அது உண்மைதானே. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். மீதியைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா உன்னைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். அதன்பின் முதலாளி வந்தார். "மிஷின் கோளாறுன்னா நான் பாத்துக்கிறேன். உன் கோளாறுன்னா நீயே பாத்துக்க" என்றார். வேலையிடத்தில் யாரும் மிஷினைத் திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் என்று நினைத்தார்கள். மயக்கம் இல்லை. அன்றைக்குத் தப்பித்தால் போதும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வந்தபோது ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. உன் கடை காலியானபோது இன்னும் பெரிய விஷயமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் எழுத முடியாமல் ஜனவரியிலிருந்து லாரி மேலும் மழை மேலும் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா போவதற்கு நாலு நாள் முன்னால் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அவ கவனமா செய்ற பொண்ணுதானே. எப்படிடா விட்டா?" என்றார். குரலில் கோபமே இல்லை. ஒரு பதில் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. முதலாளி இல்லை, அண்ணி இல்லை. நான், "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். நான் தின்ற உப்புக்கு உன்னைத் தண்ணீர் குடிக்க வைத்தேன். கோபம் இல்லை என்று உனக்கே எழுதினேனே, அதை எழுதும்போது என் பேனா ஓரிடத்திலும் நிற்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தச் சோதனை வேலையை எடுத்துக்கொள். உன் கை சரியாகத்தான் செய்தது.

அண்ணன்


மார்ச் 19

பார்சல் வந்தது. ஒன்பது நாள் தாமதம். தபால் அலுவலகத்தில் விலாசம் புரியவில்லையாம்.

என் அறையில் மேஜை இல்லை. தரையில் செய்தித்தாள் விரித்து மிஷினை வைத்தேன். அறைத்தோழியிடம் டார்ச் வாங்கிப் பார்த்தேன். இருக்கிறது. மரையின் மேல் மூன்று சுற்றில் நீலம், எண்ணெய் பட்டுக் கறுத்து. ஊசியால் கொஞ்சம் சுரண்டி நகத்தில் வைத்துப் பார்த்தேன். என் பசைதான்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. எத்தனை ராத்திரி அந்த வியாழக்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். மறந்ததை நினைவுக்குக் கொண்டுவர என்னவெல்லாம் செய்தேன். அதே நேரம் பக்கத்துத் தெருவில் நீ அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டு, தூங்கி, எழுந்திருந்தாய். மிஷினைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. கீழ்வீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சோதனை மேஜைக்கு மார்ச் ஐந்தாம் தேதியே வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கிடங்குக்காரர் சட்டம், உன் வலி, உன் வேலை, எல்லாம் எனக்குப் புரிகிறது. அம்மாவிடம் சொல்லாததுதான் புரியவில்லை. சாகப்போகிறவர் கேட்டார். சொல்லியிருந்தால் உனக்கு என்ன போயிருக்கும்? நாலு நாள் இருந்ததே. ஒரு போன் செய்திருந்தால் நான் வந்திருப்பேன். அம்மா என் முகத்தைப் பார்த்திருப்பார்.

கடிதம் எனக்கு மட்டும் போதும். ஊருக்குப் போதாது. நீ என்னைப் பற்றிச் சொன்னது வாயால்தான், பலர் நடுவில். திருப்பி எடுப்பதும் வாயால்தான் இருக்க வேண்டும். கிடங்கில் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல். அண்ணியிடம் சொல். தோட்டக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல். சொன்ன பிறகு எழுது. அதற்கு முன் வேண்டாம்.


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன்.

அண்ணியிடம் முதலில். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை. முடிந்ததும் மடித்த துணியை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "அத்தை அவளப் பாக்காமலே போனாங்களே. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். அது நடந்து இன்று பதினோரு நாள். சாப்பாடு வைக்கிறாள். தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு.

கிடங்கில் திங்கட்கிழமை காலை, மிஷின் எடுக்க எல்லோரும் வரிசையில் நிற்கிற நேரத்தில் சொன்னேன். பதினாலு பேர். நான் நினைத்த மாதிரி யாரும் கத்தவில்லை. என்னோடு ஜோடியாக இழுவை வாள் பிடித்த பெரியவர் மட்டும், "எங்க மிஷினையெல்லாம் அவகிட்டருந்து பிடுங்கி வேற ஆள்கிட்ட கொடுத்தோமே, உன் பேச்சக் கேட்டு" என்றார். அதன்பின் அவரவர் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி கூப்பிட்டு, இந்த மாதம் முடியும் வரை இரு, அப்புறம் வேண்டாம் என்றார். நியாயம்தான். வாசல் நாற்காலியும் பொய்யில் கிடைத்ததுதானே.

தோட்டக்காரர் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவைதான் உள்ளே விட்டார். சொன்னேன். அப்புறம் உன் விலாசம் கேட்டார். கொடுத்தேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ கேட்டது எல்லாம் ஆயிற்று. ஆனால் சொல்லி முடித்ததும் ஏதோ இறங்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இறங்கவில்லை. மூன்று வருஷம் உன்னிடமிருந்து எடுத்ததை யார் திருப்பிக் கொடுப்பது?

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணனுக்கு,

தோட்டக்காரர் எழுதினார். நாலே வரி. இரண்டு வரி மன்னிப்பு, இரண்டு வரி அவர் மிஷினில் புகை வருகிறது, என்ன காரணமாக இருக்கும் என்று. படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். பெட்ரோலில் எண்ணெய் அதிகமாகக் கலக்கிறார் என்று பதில் போட்டிருக்கிறேன்.

அண்ணி போன் செய்தாள். அம்மாவின் கடைசி வாரத்தை எனக்கு ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் என்று. இதுவரை இதையெல்லாம் எனக்குச் சொல்ல யாருமே இல்லை.

மேலாளர் அம்மாவிடம் போய், கண் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொன்னேன் என்றேன். அடுத்த இடம் காலியானால் பார்க்கலாம் என்றார். எப்போது காலியாகும் என்று அவருக்கும் தெரியாது.

உன் வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. வருத்தமும் அவ்வளவாக இல்லை. இப்படி எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் இதற்கு மேல் பொய் வேண்டாம். உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. கையில் கட்டோடு நீ படுத்திருந்தது நினைவு வரும்போது மன்னித்துவிடுகிறேன். அம்மா நினைவு வரும்போது இல்லை. ஒரே நாளில் இரண்டும் வருகிறது.

அடுத்த மாதம் மூன்று நாள் விடுமுறை கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருவேன். அன்று நீ வீட்டில் இருக்க வேண்டாம். அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அம்மா படுத்திருந்த கட்டிலில் நான் ஒரு நாள் தனியாகப் படுத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை வா. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. டீ போட்டு வைக்கிறேன்.

தங்கை